கப்பலில் அறுபட்ட அருணாக்கயிறு

1

கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டு ஊரிலிருந்து எழுதிய எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட எனக்குப் பொறுமை இல்லை. பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். நாசமாய்ப் போயிற்று. கொடுத்து வைத்தவன் என்று எழுதிய பெருநகர் கிராமத்துச் சிநேகிதன் தயவுசெய்து அடுத்த கடிதத்தில் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

நான் சிங்கப்பூரில் என்ன வேலை செய்கிறேன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கப்பல் கம்பெனியில் வேலை என்று சொன்னதும் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நான் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டர். பழைய கப்பல்களின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, குனிந்தும் மல்லாந்தும் படுத்துக்கொண்டு, ஓட்டை விழுந்த தகட்டுக்கு ஒட்டுப் போடுகிறவன். பதினொரு வருடமாகக் கப்பலின் வயிற்றுக்குள்தான் இருக்கிறேன். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இப்படிப்பட்டவனுக்குக் கம்பெனியின் வருடாந்திர விருந்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு என்ன பரிசு கொடுத்தார்கள் தெரியுமா? மனைவி பிள்ளைகளோடு நான்கு நாள் உல்லாசக் கப்பலில் பினாங்கு போய்த் திரும்பி வருவது. மூன்றாம் பரிசு குளிர்ப்பெட்டி. எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. மூன்றாம் பரிசுக்காரனிடம் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அதோடு போனாலும் பரவாயில்லை. அந்த நான்கு நாளுக்கும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஆறு நாள் விடுப்பை என் கணக்கிலேயே கழித்தார்கள். ஊருக்கு வர வைத்திருந்த விடுப்பு அது. இந்த வருடம் உத்திரமேரூர்ப் பக்கம் நான் வராமல் போனதற்குக் காரணம் திமிர் அல்ல, பரிசு.

2

கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே படிவங்கள் ஆரம்பித்துவிட்டன. எனக்கும் என் மனைவி ராணிக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டு. இங்கேயே பிறந்த பிள்ளைகள் இரண்டுக்கும் மனுப் போட்டு வாங்கிய இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டு. அதனால் ஒரே குடும்பம் இரண்டு வரிசையில் நின்றது. ஏழு வயது வசந்தி மூன்றரை வயது சேகரின் கையைப் பிடித்துக்கொண்டு குடிமக்கள் வரிசையில் போய், ஒரு நிமிடத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். நாங்கள் இருவரும் எங்கே வேலை, எத்தனை வருடம், திரும்பி வருவீர்களா என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகள் என்னைப் பார்த்து, சீக்கிரம் வாங்க என்று கையாட்டினாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

வசந்தியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நல்ல கெட்டிக்காரப் பெண். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை, மலாய் எடுத்துக்கொண்டாள். பேசுவாள், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக. நான் நைனா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அப்பா என்றாவது கூப்பிடச் சொன்னேன். டாடி என்றுதான் வாயில் வருகிறது. சின்னவன் அக்கா சொல்வதையே சொல்கிறான்.

கப்பலுக்குள் காலை வைத்ததும் என் கண்ணில் பட்டது படிக்கட்டுக் கைப்பிடியின் வெல்டிங். தொழில் பழக வந்த புதுப் பையன்கூட அப்படிப் பற்றவைக்க மாட்டான். மேலே பொன் நிறச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள். அதன் பிறகு பார்த்த எதையும் என்னால் நம்ப முடியவில்லை. கம்பளம், கண்ணாடி விளக்கு, பியானோ வாசிக்கிறவன், தட்டில் கேக்கை மலைபோல் குவித்துக்கொண்டு பாதியைத் தின்னாமல் வைத்துவிட்டுப் போகிற கூட்டம். சேகருக்குச் சோறு எங்கே என்று கேட்டால் மீனைத் தலையோடு காட்டினார்கள். ஆபத்துக் காலப் பயிற்சி என்று சங்கு ஊதி எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்தினார்கள். சின்னவனுக்குக் கொடுத்த மிதவைச் சட்டை அவனுடைய முழங்காலையும் தாண்டித் தொங்கியது. இதைவிடச் சின்னது இல்லையா என்று கேட்டேன். படிவம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

குழந்தைகளுக்கென்று தனி அறையும் அதையொட்டி ஒரு சின்ன நீச்சல் குளமும் இருந்தன. பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போய்விடலாம். கூடவே இருக்கத்தான் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே என்னவென்றால், முதல் வேலையாகப் பிள்ளைகளைக் கழற்றிவிட்டுவிட்டு எல்லோரும் சாய்வு நாற்காலிக்கு ஓடினார்கள். வசந்திக்கு அந்த அறையைப் பார்த்ததும் நிலைகொள்ளவில்லை. போகிறேன், தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சரி என்றேன். அங்கேயும் ஒரு படிவம். இரண்டு பக்கம், எறும்பு எறும்பாக எழுத்து. பட்டறையில் தினமும் பத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஒன்றையும் படித்ததில்லை. இதையும் படிக்காமல் அடியில் கா. ஏகாம்பரம் என்று தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கே போனாலும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

3

இனி என் அக்காவைப் பற்றி. உத்திரமேரூரில் இருக்கிறவர்களுக்குப் பச்சையம்மாவைத் தெரிந்திருக்கும். மாமா ரைஸ் மில்லில் வேலை செய்கிறார். வீடு ஏரிக்குப் போகிற வழியில். எனக்கு அக்கா ஒருத்திதான், அவளுக்குத் தம்பி ஒருவன்தான்.

சேகர் பிறந்த நாற்பதாவது நாள் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வந்தது. கறுப்பு அருணாக்கயிறு, அதில் கோத்த ஒரு சின்ன வெள்ளித் தாயத்து. பையனுக்கு இடுப்பில் முதல் கயிறு கட்ட வேண்டியவள் அத்தை. அவள் இங்கே வர முடியாது, நாங்கள் அப்போது அங்கே போக முடியாது. அதனால் தன் கையால் முடிச்சுப் போட்டு, அளவு பார்த்து இறுக்கிக்கொள்ள வால் விட்டு அனுப்பியிருந்தாள். தாயத்துக்குள் பிள்ளையின் தொப்புள்கொடியை வைத்து மூடிவிடச் சொல்லியிருந்தாள். அதன்படியே செய்தோம். பிள்ளை வளர வளரக் கயிறு போதாமல் போகும்போதெல்லாம் அக்காவிடமிருந்து புதுக் கயிறு வரும். புதிதைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுக்கவேண்டும். ஒரு நிமிடம்கூட இடுப்பு மூளியாக இருக்கக்கூடாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆம்பளைப் பிள்ளையின் இடுப்பில் கயிறே இல்லாமல் போவது எப்போது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அக்காவுக்கு மணி என்று ஒரு பையன் இருந்தான். நான்கு வயது. ஜுரம் வந்து, காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மூன்றாம் நாள் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஏரிக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. குழியில் இறக்குவதற்கு முன்னால் வெட்டியான் என்னைக் கூப்பிட்டு, "மாமன்காரன் நீதான? கவுற அறு" என்று கத்தியைக் கையில் கொடுத்தார். அறுத்தேன். அந்த இடுப்பு எவ்வளவு சின்னது என்று எனக்கு இப்போதும் தெரியும். வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி. "கவுற எடுத்துட்டியாடா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. சேகருக்கு அவள் கயிறு அனுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் வராது. ராணிதான் பிரிப்பாள்.

4

இரண்டாம் நாள் மத்தியானம் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். குளத்தின் ஓரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள். சேகர் ஒரு சிவப்பு ஜட்டியோடு நின்று வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். தூக்கினேன். இடுப்பில் கை வைத்த இடத்தில் கயிறு தட்டுப்படவில்லை.

கீழே இறக்கிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. கயிறு இருந்த இடத்தில் தோலில் ஒரு வெளுத்த கோடு மட்டும் இருந்தது.

இதை ஒளித்து என்ன? பிள்ளை உயிரோடு என் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான், எனக்கு ஏரிக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. அறையைக் கவனித்துக்கொள்கிற பெண்ணிடம் போய்க் கயிறு எங்கே என்று கத்தினேன். முதலில் தமிழில் கத்தினேன், பிறகு எனக்குத் தெரிந்த பட்டறை ஆங்கிலத்தில். அவள் பயந்துபோய் இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தாள். உறையின்மேல் எங்கள் அறை எண்ணை எழுதி, உள்ளே கயிற்றையும் தாயத்தையும் பத்திரமாக வைத்திருந்தாள். கயிறு கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. தண்ணீரில் எதிலாவது மாட்டி இறுக்கிவிடும், குழந்தைகள் உடம்பில் கயிறு, சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது, அது விதி என்றாள். யாரைக் கேட்டு அறுத்தாய் என்றேன். படிவத்தை எடுத்து வந்து நீட்டினாள். இரண்டாம் பக்கத்தில் ஆறாவது விதியாக அது இருந்தது. அதற்குக் கீழே கா. ஏகாம்பரம்.

அதற்குள் ஓர் அதிகாரி வந்துவிட்டார். இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். கப்பல் முழுவதிலும் தமிழில் இருந்த ஒரே கையெழுத்து அது. இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கயிறு என்னவென்று உனக்குத் தெரியுமா, எங்கள் ஊரில் இதை எப்போது அறுப்பார்கள் தெரியுமா என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலம் வரவில்லை. சாவு, பிள்ளை, கயிறு என்று மூன்று சொல்லைச் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறான் என்று அவர் சேகரின் தலையைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

அப்போதுதான் வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாடி, ஆன்ட்டிய ஸ்கோல்ட் பண்ணாதீங்க. ஆன்ட்டி சும்மாதான் இருந்தாங்க. நான்தான் கட் பண்ணச் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"நான்தான் சொன்னேன். எல்லாரும் தம்பியப் பாத்துச் சிரிச்சாங்க."

"சிரிச்சா? சிரிச்சா அறுத்துடுவியா நீ?"

"உங்களுக்கு மட்டும் இல்லையே டாடி. நீங்க போடல, தம்பி மட்டும் எதுக்குப் போடணும்?"

அடித்துவிட்டேன். ஒரே அடி. கன்னத்தில். பட்டறைக் கை அது. இரும்பைத் தூக்கிப் பழகின கை. அவள் இரண்டடி தள்ளிப்போய் நின்றாள். குளத்தில் இருந்த பிள்ளைகளின் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. சாய்வு நாற்காலியில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். வசந்தி அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். கப்பல் முழுக்கக் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்த போட்டோக்காரன் என்ன நடந்தது என்றே தெரியாமல் எங்கிருந்தோ வந்து, பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் குனிந்து சிரிக்கச் சொன்னான். சேகர் சிரித்தான். பளிச்சென்று விளக்கு மின்னியது.

5

அவள் சொன்னது பொய்யல்ல. என் இடுப்பில் கயிறு இல்லை.

ஊரைவிட்டு வந்த முதல் மாதம், பொதுக் குளியலறையில் பத்துப் பேரோடு நின்று குளிக்கவேண்டும். என் இடுப்புக் கயிற்றைப் பார்த்துச் சீனாக்காரன் ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கே பட்டறைக் குறட்டால் வெட்டிச் சாக்கடையில் போட்டேன். இது அக்காவுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் உத்திரமேரூர் பஸ் ஏறுவேன். திரும்பி வந்து விமானம் இறங்கிய அன்றே கழற்றிவிடுவேன். இதுவரை ராணியைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அறைக்குத் திரும்பியதும் ராணி உறையைப் பிரித்துப் பார்த்தாள். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டக்கூடாது. கப்பலில் நான்கு கடைகள் இருந்தன. வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், சீமைச் சாராயம் எல்லாம் கிடைத்தன, கறுப்புக் கயிறு கிடைக்கவில்லை. கடைசியில் ராணி தன் பருத்திப் புடவையின் ஓரத்தைக் கிழித்து, திரித்து, தாயத்தைக் கோத்துச் சேகரின் இடுப்பில் கட்டினாள். கட்டிவிட்டு எழுந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"வசந்திய எதுக்கு அடிச்ச?"

"அறுக்கச் சொன்னது அவதான?"

"அவ எதுக்குச் சொன்னான்னு கேட்டியா?"

"சிரிச்சாங்களாம்."

"சிரிச்சது மட்டும் இல்ல. ஒரு பெரிய பையன் கவுற புட்ச்சி இஸ்துக்கினே சுத்தினானாம், நாய இஸ்துக்கினு போறாப்பல. இவன் கீய உய்ந்து அய்தானாம். இவ அந்தப் பையன் கைய கடிச்சி வுட்டுட்டு, ஓடிப்போயி ஆன்ட்டிய கூப்டுகினு வந்தாளாம். உங்கிட்ட சொல்றதுக்குள்ளதான் நீ அடிச்சிட்டியே."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. அந்தப் பையன்மேல், அவனை விட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்துக் கிடந்த அவன் அப்பன்மேல், இதை முதலிலேயே சொல்லாத மகள்மேல், இதை இவ்வளவு நிதானமாகச் சொல்கிற ராணிமேல். வசந்தி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சாப்பிட வா என்றேன். வேண்டாம் என்றாள்.

மறுநாள் பினாங்கிலும் எங்கள் இருவரையும் தனி வரிசையில் நிறுத்தினார்கள். வெளியே போய் ஒரு கோயிலையும் ஒரு கடைத்தெருவையும் பார்த்துவிட்டு வந்தோம். கறுப்புக் கயிறு அங்கே கிடைத்தது. வாங்கி, புடவை ஓரத்தை எடுப்பதற்கு முன் கட்டினோம். வசந்தி என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு யெஸ், நோ என்று மட்டும் பதில் சொன்னாள். அதுவரை பாதியாவது தமிழில் பேசிக்கொண்டிருந்த பெண்.

இறங்கும் நாளில் போட்டோக்களை ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து இருந்தது அந்தக் குளக்கரைப் படம் ஒன்றுதான். ராணி அதை வாங்கினாள். கப்பலில் எடுத்த போட்டோ அனுப்பு என்று அக்கா ஏற்கெனவே எழுதியிருந்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நான் வேலைக்குப் போயிருந்தபோது, ராணி அதை உறையில் போட்டு உத்திரமேரூருக்கு அனுப்பிவிட்டாள். சாயங்காலம் வந்து கேட்டபோதுதான் சொன்னாள்.

"பையன் இடுப்புல கவுறு இல்லாத போட்டோவ போயி அக்காவுக்கு அனுப்புவியா? உனுக்கு அறிவு கீதா?" என்று கத்தினேன்.

"ரெண்டும் சேந்து கீறது அதான் கீது" என்றாள் ராணி. அவள் தெரிந்து அனுப்பினாளா, தெரியாமல் அனுப்பினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

6

மூன்று வாரம் நான் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. மணியைப் புதைத்த அன்றைக்கு எடுத்துட்டியாடா என்று கேட்ட அக்கா, சேகரின் மொட்டை இடுப்பைப் பார்த்து என்ன ஆவாள்? அவளுக்கு நெஞ்சு வலி வேறு உண்டு. நான்கு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். தண்ணீரில் அறுந்துவிட்டது. ஊறிப்போய்க் கழன்றுவிட்டது. போட்டோவில் தெரியவில்லை, ஜட்டிக்குள் இருக்கிறது. கப்பல்காரன் அறுத்துவிட்டான், வழக்குப் போடப்போகிறேன்.

போன சனிக்கிழமை கடிதம் வந்தது. அரை நாள் வேலை முடிந்து நான் வீட்டில் இருந்தேன். ராணி சமையலறையில் இருந்தாள். அக்கா ஐந்தாவது வரை படித்தவள். பேசுவதை அப்படியே எழுதுவாள். வசந்திதான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். அத்தை கடிதம் என்பது தபால்தலையைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"அத்தை என்ன எழுதியிருக்காங்க?"

கப்பலுக்குப் பிறகு அவளாக வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சத்தமாகப் படித்தேன்.

"தம்பி ஏகாம்பரத்துக்கு அக்கா எய்திக்கிறது. இங்க எல்லாரும் சொகமா கீறோம். போட்டோ வந்துச்சி. கொயந்த நல்லா வளந்துகீறான். இடுப்புல கவுறு இல்ல, பாத்தேன். மொதல்ல பக்குனுச்சி. அப்பறம் மாமா சொன்னாரு, தண்ணில ஆட்ற கொயந்த, எங்கனா மாட்டிக்கினு அறுந்துருக்கும்னு. போவுது வுடு. வேற கவுறு வாங்கி முடிச்சி போட்டு வெச்சிகீறேன். நீ அதுக்கு பேஜார் பண்ணிக்காத."

நிறுத்தினேன். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. கடிதத்தை மடிக்கப் போனேன்.

"இன்னும் இருக்கே டாடி" என்றாள் வசந்தி. எழுத்துத் தெரியாது, ஆனால் பக்கம் முடியவில்லை என்பது தெரிகிறது அல்லவா. "படிங்க."

மிச்சத்தைக் கண்ணால் ஓட்டினேன். படிக்க எனக்கு விருப்பமில்லை. அவள் அசையவில்லை. படித்தேன்.

"பெரிய பொண்ணு ஏன்டா கன்னத்துல கைய வெச்சிக்கினு நிக்குது? ஓரத்துல ஒரு ஆம்பள கை தெரியுது. வாட்சி கட்டிக்கினு கீது. கண்ணாலத்துல நாங்க உனுக்கு போட்ட வாட்சி. நீதான் அடிச்சியா? ஏகாம்பரம், இத நான் யாருக்கும் சொன்னதில்ல. மணிக்கு ஜொரம் வரதுக்கு ரெண்டு நாளு முன்ன நான் அவன அடிச்சேன். பால கொட்டிட்டான்னு அடிச்சேன். அப்பறம் தூக்கி வெச்சிக்கலாம், அப்பறம் தூக்கி வெச்சிக்கலாம்னு இருந்துட்டேன்டா. ஜொரம் வந்துடுச்சி. நீ அடிச்சியா இல்லயா, அத மட்டும் எய்தி போடு. மத்த கத எதுவும் எனுக்கு வேணாம். பொய் எய்தினா இந்த வூட்டு வாசப்படி ஏறாத."

கடிதத்தை மேசைமேல் வைத்தேன். எரிச்சல் வந்தது. ஒரு அடிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? நான் பிள்ளையாக இருந்தபோது வாங்கிய அடிக்கு யார் கடிதம் எழுதினார்கள்? வசந்தியைப் பார்த்தேன். மணி யார் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நீங்க என்ன ரிப்ளை எழுதுவீங்க?"

"எதாச்சும் எய்திக்கிறேன். நீ போயி வெளாடு."

"ஆமான்னு எழுதுங்க."

"எய்துறேன், போ."

"இப்ப எழுதுங்க டாடி."

அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பினாங்குக்குக் கப்பல் ஏறிய அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையாட்டினவளிடம் இருந்த அதே தோரணை. ஆனால் தாளை எடுத்தேன். அக்காவுக்கு, தம்பி எழுதியது. நீ கேட்டதற்குப் பதில். வசந்தியை நான்தான் அடித்தேன். அவள் மேல் தப்பில்லை. அடித்த பிறகு தூக்கிக்கொள்ளவும் இல்லை. அவ்வளவுதான் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதி முடிக்கும்வரை வசந்தி மேசையைப் பிடித்துக்கொண்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே கையெழுத்துப் போட்டதும் தாளை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். உறைக்குள் போடத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். நேரே சமையலறைக்குப் போனாள்.

"மம்மி, டாடி இதுல என்ன எழுதியிருக்காங்க? படிச்சுச் சொல்லுங்க."

ராணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து மெதுவாகப் படித்துக் காட்டினாள். 'நான்தான்' என்று வந்த இடத்தில் வசந்தி நிறுத்தச் சொல்லி, அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.